கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள தோப்புக்கு எந்த டிவி நிகழ்ச்சியை நம்புவது?

தோப்புவீடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோப்பு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம் இருக்கிறது. மூன்றே முக்கால் ஏக்கர். தென்னைதான் முக்கியம், ஓரத்தில் ஏழெட்டு மாமரம், கிணற்றை ஒட்டி மாட்டுக்குத் தீவனப்புல். கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் சிறிது தூரம் நடந்தால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ். நான் இங்கேயே தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவள். அப்பாவுக்கு 76 வயது. மலையாளம் நன்றாகப் பேசுவார். மலையாள எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. ஐந்து வருடமாகத் தோப்பு வேலைகளை நான்தான் பார்க்கிறேன். ஆனால் எந்த மருந்து, எப்போது உரம் என்று முடிவு செய்வது இன்றும் அவர்தான். அவர் முடிவு செய்வது டிவியைப் பார்த்து.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. டிவி எங்கள் தோப்பைக் காப்பாற்றியும் இருக்கிறது. 2016க்குப் பிறகு பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் சுருள் வெள்ளை ஈ வந்தது நினைவிருக்கும். எங்கள் ஓலைகளின் அடியில் யாரோ சுண்ணாம்பைத் தொட்டு வட்டம் வட்டமாக இழுத்ததுபோல வெள்ளையாக இருந்தது. அதிலிருந்து ஒழுகிய பிசின் கீழே இருந்த வாழை இலையில் விழுந்து, அதன்மேல் கரும்பூசணம் படிந்து, இலை அடுப்புக்கரி பூசியதுபோல ஆகிவிட்டது. கொடியில் காயப்போட்ட துணிகூடக் கையில் ஒட்டியது. அப்பா மருந்து அடிக்கும் ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு மாலை ஒரு தமிழ் நிகழ்ச்சியில் இதே ஈயைக் காட்டினார்கள். மருந்து அடித்தால் ஈயைத் தின்று வளரும் என்கார்சியா என்ற சிறிய குளவியும் செத்துவிடும், அடிக்காதீர்கள் என்றார் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர். ஓலைத்துண்டு ஒன்றைக் காமிராவுக்கு மிக அருகில் பிடித்து, ஈயின் கூட்டுப்புழு ஓட்டில் ஊசி குத்தியதுபோல ஒரு வட்டத் துளையைக் காட்டினார்: குளவி வெளியே வந்த வழி.

அப்பா அப்போதே டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். தாழ்ந்த மட்டை ஒன்றை இழுத்து ஓர் ஓலையைக் கிழித்து வந்து, பஞ்சாங்கம் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நாலைந்து ஓடுகளில் அந்தத் துளை இருந்தது. மருந்து அடிக்கும் ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினோம், ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினோம். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் பொறுமை தேவைப்பட்டது, ஆனால் தோப்பு மீண்டது. ஒரு துளையைக் கண்ணுக்கு நேரே காட்டியதால்தான் எங்கள் அப்பா நம்பினார். நூறு துண்டறிக்கை கொடுத்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்.

இன்னொரு சம்பவமும் உண்டு. அதனால்தான் இந்தக் கேள்வி.

அதற்குச் சில வருடம் முன்பு தோப்பில் கருந்தலைப்புழு வந்தது. அடிமட்டைகள் தீயில் வாட்டியதுபோலக் காய்ந்தன. ஒரு தமிழ் நிகழ்ச்சியில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைப் பாலித்தீன் பையில் ஊற்றி, நறுக்கிய வேரில் கட்டும் முறையைச் செய்து காட்டினார்கள். அந்தக் காலத்தில் அது அங்கே பரிந்துரையில் இருந்த முறைதான், அவர்கள் மீது தவறு சொல்ல முடியாது. மருந்து கட்டிய பின் 45 நாள் காய் பறிக்கக்கூடாது என்றும் தெளிவாகச் சொன்னார்கள். அப்பா எல்லைக்கு அப்பால் ஒரு கடையில் மருந்து வாங்கி வந்து ஆறு மரங்களுக்குக் கட்டினார். கேரளத்தில் அந்த மருந்து 2011லேயே தடை செய்யப்பட்டுவிட்டது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய செய்தி மலையாளத்தில் வந்திருக்கும்; அந்த வேளையில் எங்கள் வீட்டு டிவி தமிழில் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஆனால் என்னை உலுக்கியது தடை அல்ல. அந்த ஆறில் நான்கு மரங்கள் கள்ளுக்குக் குத்தகை பேசியவை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆகவே அங்கே எடுக்கும் நிகழ்ச்சியில் காய் பறிப்பதைப் பற்றி எச்சரிப்பார்கள். பாளை சீவுவதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அவர்களுடைய தென்னையில் அப்படி ஒரு பயனே இல்லை. எங்கள் சித்தூர்த் தென்னையில் பாதிப் பேச்சு அதுதான். கள் இறக்க ஏறுவதற்கு மரத்தில் படிபோலத் தேங்காய் மட்டை கட்ட வந்தவர் அடிமரத்தருகே மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த பாலித்தீன் பை நுனியைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். அவர் கேட்காமல் ஏறிக் கள் இறக்கி, அதை யாராவது குடித்திருந்தால்? அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த மரங்களைக் குத்தகையிலிருந்து எடுத்துவிட்டு, கிடைத்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். புழுவுக்குக் கிருஷிபவனில் (கேரள அரசின் உள்ளூர் வேளாண் அலுவலகம்) கேட்டபோது ஒட்டுண்ணிக் குளவி தந்தார்கள். அது அங்கேயே கிடைக்கும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு மலையாள நிகழ்ச்சிகளைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தூர்தர்ஷனின் கிருஷி தர்ஷன், தனியார் சானல்களின் காலை நிகழ்ச்சிகள் எல்லாம் போட்டேன். சட்டம் நம்முடையது, மானியம் நம்முடையது, போகச் சொல்லும் அலுவலகம் நம்முடையது. ஆனால் மண் நம்முடையது அல்ல. இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், கொட்டும் மழையைக் கணக்கில் வைத்து மரத்தைச் சுற்றித் தடம் எடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் கிழக்குப் பகுதியோ மழை நிழல், பாதிப் பேருக்குக் கரிசல் மண். அவர்கள் வடிகால் வெட்டச் சொல்லும் மாதத்தில் நாங்கள் மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று காத்துக்கொண்டிருப்போம். பூச்சியின் பெயர் வேறு, நோயின் பெயர் வேறு. செம்பன் செல்லி என்று ஒரு முழு நிகழ்ச்சி போனது. முடிந்த பிறகு அப்பா, "அது என்ன வண்டு?" என்று கேட்டார். அவர் அந்த வண்டோடு ஐம்பது வருடம் மல்லுக்கட்டியவர்.

என் கேள்வி இதுதான். எங்களைப் போன்ற எல்லைத் தமிழர்கள் எதைப் பார்க்கிறீர்கள்? மாதக் கட்டணம் அதிகம் இல்லாமல் இரு மொழி வேளாண் நிகழ்ச்சிகளும் கிடைக்க என்ன வழி? எங்கள் பக்கத்து வயலில் வந்து, எங்கள் சட்டத்தைச் சொல்லி, தமிழில் பேசும் ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்றால் யாரிடம் கேட்பது?


குப்பத்துக்காரர்

அம்மா, "சித்தூர்" என்று பார்த்ததும் எங்கள் ஆந்திரச் சித்தூர் என்று நினைத்துத் திறந்தேன். பாதி படித்த பிறகுதான் வேறு சித்தூர் என்று புரிந்தது. ஆனால் கதை ஒன்றுதான். எங்கள் வீட்டிலும் தமிழ், வெளியே தெலுங்கு. காலையில் அன்னதாதா நிகழ்ச்சி பார்க்காமல் என் தம்பி வயலுக்குப் போகமாட்டான். பயிர்ப் பெயர்களையெல்லாம் தெலுங்கிலேயே சொல்லிப் பழகிவிட்டான்.

முதலில் டிஷ் விஷயம், ஏனென்றால் அது என் தொழிலாக இருந்தது. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் போடுங்கள். மாதக் கட்டணம் கிடையாது. தட்டும் பெட்டியும் வாங்கும் செலவோடு சரி. டிடி தமிழ், டிடி மலையாளம், டிடி கிசான் மூன்றும் அதில் வரும். எம்பெக் 4 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பென் டிரைவில் பதிவு செய்யும் வசதி சில பெட்டிகளில் உண்டு, அதையும் கேளுங்கள். தோப்பு வீடு என்பதால் ஒரு எச்சரிக்கை: அந்தச் செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. உங்கள் ஊரிலிருந்து தட்டு தென்கிழக்கிலிருந்து சற்றுக் கிழக்காக, வானத்தை நோக்கி நன்றாக நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்த வழியில் ஒரு மட்டை ஆடினாலும் படம் கட்டம் கட்டமாக உடையும். காற்று இல்லாத நேரத்தில் பொருத்திவிட்டுப் போகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. ஆடி மாதக் காற்றை மனத்தில் வைத்து இடம் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். முன்பு ஆன்டெனாவைக் கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பியிருப்பாரே? ஏறக்குறைய அதே திசைதான். தரைவழி அலைபரப்பிகளைத் தூர்தர்ஷன் பெரும்பாலும் மூடிவிட்டது. 2021, 22க்குள் அந்த வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. பழைய ஆன்டெனாக் குழாய் மாடியில் துருப்பிடிக்காமல் நின்றால் அதிலேயே தட்டைப் பொருத்தலாம்.

இப்போது நான் சொல்ல விரும்பும் விஷயம். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஒரு வருடம், ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டினார்கள். சைட் என்று பெயர். தமிழ்நாடும் கேரளமும் அதில் இல்லை, ஆந்திரம் இருந்தது. எனக்கு அப்போது 19 வயது. கர்னூல் மாவட்டத்தில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒருவருக்கு உதவியாளாகப் போனேன். பத்தடி அகலத் தட்டு. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையால் செய்தது. காலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. மாலையில் பள்ளிக்கூடத் திண்ணையில் பெட்டியை வைத்தால் ஊரே வந்து உட்காரும். மின்சாரம் இல்லாத சில ஊர்களில் பேட்டரியில் ஓடியது.

ஒரு மாலையில் நிலக்கடலையைப் பற்றிக் காட்டினார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து வந்து திரையைக் கையால் தொட்டு, "இந்த மண் எங்கள் மண் இல்லை" என்று சொன்னார். ஹைதராபாத் மையத்தில் தயாரித்தது அது; எங்கே எடுத்தார்களோ! உடனே அங்கே இருந்த கிராம சேவகர் தன் பையிலிருந்து அந்த ஊர் மண்ணைக் காகிதத்தில் கொட்டி, படத்தில் சொன்னதில் எது இங்கே பொருந்தும், எது பொருந்தாது என்று அரை மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சுக்குத்தான் கூட்டம் கலையாமல் இருந்தது. அந்தச் சேவகர் வராத ஊர்களில் படம் முடிந்தவுடன் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். வருடம் முடிந்ததும் செயற்கைக்கோளை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துச் சரி செய்யச் சொல்லிப் பல நாள் ஆட்கள் வந்து கேட்டார்கள். பெட்டியில் ஒன்றும் கெடவில்லை, மேலிருந்து வருவது நின்றுவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு முன்பே, 1967 ஜனவரி 26 அன்று கிருஷி தர்ஷன் தில்லியில் தொடங்கியபோதும் இதே முறைதான். தில்லியைச் சுற்றி 80 கிராமங்களில் பொதுவில் பெட்டி வைத்து, கூட்டாகப் பார்த்து, கூட்டாகப் பேசினார்கள். உங்கள் அப்பா தனியாகப் பார்க்கிறார் அம்மா. அங்கேதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.


காமிரா_பொள்ளாச்சி

நான் வேளாண் நிகழ்ச்சிகளுக்குக் காமிரா பிடித்தவன். எந்தச் சானல் என்று எழுதவில்லை. உங்கள் வேர்ப்பை நிகழ்ச்சியைப் படித்துவிட்டு அரை மணி நேரம் வெளியே போய் நின்றேன். அதே மாதிரி ஒரு செய்முறையை நானும் எடுத்திருக்கிறேன். வேரைச் சாய்வாக நறுக்குவது நன்றாகத் தெரிய வேண்டும் என்று மூன்று முறை மண்ணைப் பறிக்கச் சொன்னேன். மரத்தில் யார் ஏறுவார்கள் என்று நினைத்ததே இல்லை.

ஒரு நிகழ்ச்சி எப்படி உருவாகிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும். விடியற்காலை வெளிச்சத்தில் ஒரு தோப்பு, வெயில் ஏறுவதற்குள் இன்னொன்று. விவசாயி ஒரு மணி நேரம் பேசுவார்; திரையில் அவருக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். அலுவலர் வந்தால் அவருடைய துறைத் திட்டத்தைச் சொல்லியாக வேண்டும், அது ஒரு மாநிலத்துத் திட்டம். கடைசியில் "உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தை அணுகுங்கள்" என்று ஒரு வரி. உங்களுக்கு அப்படி ஒரு மையமே இல்லை.

ஒரு முறை கோபாலபுரம் தாண்டி உங்கள் பக்கத்துத் தோப்பு ஒன்றில் எடுத்தோம். அருமையான மனிதர், ஊடுபயிராகச் சாதிக்காய் வைத்திருந்தார். படத்தொகுப்பில் ஊர்ப்பெயரையும் மானியத்தைப் பற்றி அவர் சொன்னதையும் எடுத்துவிட்டார்கள், பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரும் என்று காரணம் சொன்னார்கள். அவர் தமிழ்நாட்டு விவசாயியாகத் திரையில் வந்துவிட்டார். இப்போது யோசித்தால் அந்தக் குழப்பத்தைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்றால், கடிதம் எழுதுங்கள். சென்னைத் தொலைக்காட்சியில் வயலும் வாழ்வும் பார்ப்பவர்களின் கடிதங்களால் வளர்ந்த நிகழ்ச்சி. ஒரே கடிதத்தைத் தமிழில் சென்னைக்கும் மலையாளத்தில் திருவனந்தபுரத்துக்கும் அனுப்புங்கள், இரண்டிலும் மற்றதற்கு அனுப்பியதைக் குறிப்பிடுங்கள். "எங்களுக்கும் ஒரு நிகழ்ச்சி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்விடும். என்ன பயிர், எந்த மாதம், என்ன சந்தேகம் என்று எழுதுங்கள். "கள்ளுக்கு விடும் தென்னையில் எந்த மருந்துக்கு எத்தனை நாள்?" என்ற கேள்வியை வைத்தாலே அரை மணி நேர நிகழ்ச்சி தயார். நேரலையில் தொலைபேசிக் கேள்வி எடுக்கும் நிகழ்ச்சிகளில் முதல் வார்த்தையாக "கேரளத்திலிருந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அலுவலர் பதிலை மாற்றிக்கொள்வார். கேட்கும் மற்ற எல்லைக்காரர்களுக்கும் அது போய்ச் சேரும்.


ஏலத்தோட்டம்_போடி

எங்களுக்குப் போடியில் வீடு, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். விலைக்கு டிவியை நம்புவதில்லை; ஸ்பைசஸ் போர்டின் ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது, அன்றைய விலை உடனே கைபேசியில் வந்துவிடும். வேலையாட்களுக்குக் கொடைக்கானல் பண்பலை 100.5 போதும். மலையாள நிகழ்ச்சியில் மாதம்தான் இடிக்கும், பழகினால் சரியாகிவிடும். இடவம் நம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி, சிங்கம் ஆவணி, துலாம் ஐப்பசி. துலாவர்ஷம் என்றால் நம் வடகிழக்குப் பருவமழை. இதை ஒரு அட்டையில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் கோவை வானொலியும் நன்றாகக் கேட்குமே, மத்திய அலை 999. கேரள வானொலியில் வயலும் வீடும். பெயரே ஒன்றுக்கொன்று தங்கை மாதிரி இருக்கிறது.


புழையோரம்

நான் உங்கள் தாலுகாவிலேயே ஒரு கிருஷிபவனில் வேலை செய்கிறேன். தாய்மொழி மலையாளம்; தமிழ் பள்ளித் தோழிகளிடம் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பிரச்சினையை நான் தினமும் பார்க்கிறேன். செம்பன் செல்லி என்பது உங்கள் சிவப்புக் கூன்வண்டு. கொம்பன் செல்லி என்பது காண்டாமிருக வண்டு. மண்டரி என்றால் ஈரியோபிட் சிலந்தி. வெள்ளீச்ச என்றால் வெள்ளை ஈ. காற்றுவீழ்ச்ச என்று நாங்கள் சொல்லும் நோயைத் தமிழில் கேரள வேர்வாடல் என்கிறீர்கள். ஒரு தமிழ்ப் பெரியவர் அந்தப் பெயரைக் கேட்டு, "அது உங்கள் நோய், எங்களுக்கு வராது" என்று சொல்லிவிட்டார். அவருடைய தோப்பும் கேரளத்தில்தான் இருந்தது.

2011இல் இங்கே தடை செய்யப்பட்டவை 14 மருந்துகள். மோனோகுரோட்டோபாஸ் தவிர, கார்போபியூரான், போரேட், புரொபெனோபாஸ், பாராகுவாட் எல்லாம் அதில் உண்டு. எல்லை தாண்டி எதை வாங்கினாலும் புட்டியைத் திறப்பதற்கு முன் எங்களிடம் கொண்டு வந்து காட்டுங்கள். திட்டமாட்டோம். உங்கள் அப்பா அன்றைக்குக் குளவி கேட்டு வந்தபோது எங்களில் யாரோ ஒருவர்தான் கொடுத்திருப்போம்; அப்போது தமிழில் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசியிருந்தால் அவர் அடுத்த முறையும் வந்திருப்பார். கிருஷிபவன்கள் 1987 செப்டம்பரில் தொடங்கியவை. இத்தனை வருடத்தில் எங்கள் சுவரில் ஒரு தமிழ்ப் பட்டியல் தொங்கியிருக்க வேண்டும்.

அவசரத்துக்குக் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, கட்டணம் இல்லை, காலை 6 முதல் இரவு 10 வரை. குப்பத்து ஐயா சொன்ன கிராம சேவகர் வேலையை நான் செய்ய முடியும். கூட்டாகப் பார்க்கிறீர்கள் என்றால் நாளைச் சொல்லுங்கள், வருகிறேன்.


தோப்புவீடு

எல்லோருக்கும் நன்றி. இருபது நாள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லத்தான்.

குப்பத்து ஐயா, ஆன்டெனாக் குழாய் நிற்கிறது. நீங்கள் சொன்ன திசையைச் சொன்னதும் அப்பா சிரித்தார். படம் தெளிவாக வர என் அத்தை மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்பா ஜன்னலிலிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவாராம். கிழக்குப் பக்கம் இரண்டு மட்டைகள் குறுக்கே வந்தன. காற்றடித்த ஒரு நாள் பார்த்து, அப்பாவே ஆள் வைத்துக் கழித்தார். பெட்டி பென் டிரைவில் பதிவு செய்கிறது. மலையாளத்தில் இரண்டும் தமிழில் இரண்டுமாக நான்கு நிகழ்ச்சிகள் பிடித்து வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய்க் களத்தில் பாய் விரித்து டிவியை வெளியே எடுத்து வைத்தோம். ஐந்தாறு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். பதினான்கு பேர் வந்தார்கள், மூன்று பேர் வேலிக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுத் தோப்புக்காரர்கள். புழையோரம் சகோதரி சொன்னபடி வந்தார். நிகழ்ச்சியை நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினோம். மலையாளத்தில் தென்னைக்குச் சுண்ணாம்பு போடச் சொன்ன இடத்தில் அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "எங்கள் கரிசலுக்கு இது வேண்டுமா?" என்று கேட்டார். சகோதரி, "வேண்டாம், அது மேற்கே உள்ள புளித்த மண்ணுக்கு, உங்கள் மண்ணைப் பரிசோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள்" என்றார். அந்த ஒரு பதிலுக்குப் பத்து பேர் தலையாட்டினார்கள். நாலு பேர் மண் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

கள்ளுக்குப் பாளை சீவுகிறவர் ஒருவரையும் கூப்பிட்டிருந்தேன். அன்றைக்கு மட்டை கட்ட வந்தவரேதான். அவர் எல்லோர் முன்பும் ஒன்று சொன்னார்: மரத்துக்கு ஏதாவது செய்திருந்தால் அடிமரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள், கட்டிய தேதியை எழுதி வையுங்கள், துணி இருக்கும் மரத்தில் நாங்கள் ஏறமாட்டோம். இதை எந்த நிகழ்ச்சியிலும் நான் பார்த்ததில்லை. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துப் பதினான்கு பேருக்கும் கொடுத்தேன்.

காமிரா அண்ணா, இரண்டு கடிதமும் போய்விட்டன. மலையாளக் கடிதத்தைச் சகோதரி திருத்திக் கொடுத்தார். முதல் கேள்வியாக நீங்கள் சொன்ன அதே கேள்விதான்: கள்ளுக்கு விடும் தென்னையில் எந்த மருந்துக்கு எத்தனை நாள்? இரண்டாவது கேள்வி அப்பாவுடையது. மூலத்தறையில் தண்ணீர் திறக்கும் தேதியைத் தமிழிலும் சொல்லக்கூடாதா என்று கேட்கச் சொன்னார். ஆளியாற்று நீரில் கேரளத்துக்கு 7.25 டிஎம்சி என்பதை இரு பக்கச் செய்தியிலும் வருடாவருடம் கேட்கிறோம், எங்கள் மடைக்கு எந்த நாளில் வரும் என்பதுதான் தெரிவதில்லை.

குப்பத்து ஐயாவுக்கு ஒரு சந்தேகம். களத்துக்கு டிவியைக் கொண்டு போக மாடியிலிருந்து கேபிளை நீட்ட வேண்டியிருக்கிறது, முப்பது மீட்டர் வரும். போன வாரம் இழுத்ததில் டிடி மலையாளம் வந்தது, டிடி தமிழ் விட்டுவிட்டு வந்தது. கேபிள் மட்டமானதா, அல்லது நடுவில் போட்ட இணைப்பா? அடுத்த ஞாயிறுக்குள் சொன்னால் நல்லது. இந்த முறை அப்பா வண்டைப் பற்றிய நிகழ்ச்சியைத்தான் போடச் சொல்லியிருக்கிறார்.